பிள்ளைகளோடு போக எட்டயபுரமா, பூம்புகாரா?

இலக்கிய வாசம் உள்ள ஊர், ஒரே நாள் பயணம் என்றால் பலரும் தயங்குவது இந்த இரண்டுக்கு நடுவில்தான்.

போக்குவரத்து:
எட்டயபுரம்: கோவில்பட்டி வரை ரயில், அப்புறம் பஸ்.
பூம்புகார்: சீர்காழி அல்லது மயிலாடுதுறையில் இறங்கி பஸ்.

பார்க்க:
எட்டயபுரம்: 1882-இல் பாரதி பிறந்த வீடு, 1947-இல் ராஜாஜி திறந்துவைத்த மணிமண்டபம். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரும் முத்துசுவாமி தீட்சிதரும் அடக்கமானது இதே சிற்றூரில்தான். மூன்று பேரையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம், இது வேறெங்கே வாய்க்கும்!
பூம்புகார்: ஏழு நிலை மாடமாக எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம். சுவர்ச் சிற்பங்கள் கண்ணகி கதையை வரிசையாகச் சொல்கின்றன. முந்தின இரவே கதையைச் சொல்லிவையுங்கள். எந்தச் சிற்பம் எந்தக் காட்சி என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பல்லவனீச்சரத்தில் புத்த விகாரையின் செங்கல் அடித்தளமும் உண்டு.

கவனம்:
எட்டயபுரம்: கரிசல் வெயில், தண்ணீரும் தொப்பியும் கட்டாயம்.
பூம்புகார்: கடல் முரடானது, குளிக்க இறங்க வேண்டாம்.

கூடுதலாக:
எட்டயபுரம்: பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை.
பூம்புகார்: தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை.

சின்னப் பிள்ளைகள் என்றால் பூம்புகார்தான். பாரதி பாட்டை மனப்பாடமாகச் சொல்லும் வயதுப் பிள்ளையோ தாத்தா பாட்டியோ உடன் வந்தால் யோசிக்காமல் எட்டயபுரம் போங்கள்.