குன்னூர் ஈரத்தில் ஒரு பேஸ் பாராசூட்: சில வருட அனுபவம்

கைகால்களுக்கிடையே துணி இறக்கை வைத்த விங்சூட் உடையைப் போட்டு மலை விளிம்பிலிருந்து குதிக்கும் பேஸ் ஜம்பிங்கில் முதுகில் இருப்பது ஒரே பாராசூட். விமானத்திலிருந்து குதிப்பவருக்கு ரிசர்வ் என்ற இரண்டாவது பாராசூட்டும் உண்டு. தரையிலிருந்து சுமார் 225 மீட்டர் வரை வந்தும் வேகம் குறையவில்லை என்றால் அதைத் தானாகத் திறக்கும் கருவியும் உண்டு. பேஸில் பல சமயம் அதற்கும் கீழேதான் பாராசூட்டையே திறக்கிறோம். இரண்டாவதைத் திறக்க உயரம் மிஞ்சாது.

நான் குதிப்பது சுவிட்சர்லாந்தின் லாட்டர்புருன்னனில், கோடையில். மீதி மாதங்கள் பாராசூட் பை குன்னூரில் என் வீட்டில் இருக்கிறது. குதித்துத் தேய்வதைவிட, இங்கே சும்மா கிடந்து கெடுவதுதான் எனக்குக் கவலை. வடகிழக்குப் பருவமழை பிடித்தால் அலமாரியில் இருக்கும் செருப்புகூடப் பூசணம் பிடிக்கிற ஊர் இது. வெயில் எட்டிப் பார்த்ததும் மாடியில் காயப்போடக் கை பரபரக்கும். செய்யக் கூடாது. புற ஊதாக் கதிர் நைலானின் வலுவைத் தின்றுவிடும். கணப்புப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. நிழலில், காற்றோட்டமான அறையில், மடிக்காமல் தளர்வாகத் தொங்கவிட்டு உலர்த்துகிறேன். மடிப்பது குதிக்கப் போகும்போதுதான்.

அதிகம் கவனிக்க வேண்டியது பைலட் சூட் (pilot chute). கையால் வீசுகிற அந்தச் சின்னக் குடை காற்றைப் பிடித்து, பிரைடில் பட்டையை இழுத்து, பையை மூடியிருக்கும் பின்னைக் கழற்றி, பெரிய பாராசூட்டை வெளியே கொண்டுவர வேண்டும். விங்சூட்டின் முதுகுப் பக்கம் காற்று சுழன்று மந்தமாக இருக்கும். பைலட் சூட் அதில் மாட்டிக்கொண்டால் ஒரு நொடி தடுமாறும். அதற்காகத்தான் விங்சூட்டுக்கு நீளமான பிரைடில். என் முதல் பைலட் சூட் சாதாரண நைலான். பயன்படுத்தப் பயன்படுத்த அந்தத் துணி வழியாகக் காற்று கசிய ஆரம்பிக்கும், இழுவை குறையும். வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். இப்போது பூச்சுத் துணியில் செய்ததை வைத்திருக்கிறேன், அது நன்றாகத் தாங்குகிறது.

பாராசூட் கயிறுகளில் ஸ்பெக்ட்ரா என்ற செயற்கை இழை வகையைத்தான் சந்தேகத்தோடு பார்ப்பேன். பாராசூட் திறக்கும்போது கயிறுகள் வழியே கீழிறங்கும் ஸ்லைடர் என்ற துணித் துண்டு உரசும் வெப்பத்தில் அது சுருங்கும். வலமும் இடமும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் பாராசூட் ஒரு பக்கமாகத் திரும்பித் திறக்கலாம். முதுகுக்குப் பின்னால் பாறை இருக்கும் இடத்தில் அது உயிர் போகிற விஷயம். இருபக்கக் கயிறுகளையும் சேர்த்துப் பிடித்து நீளத்தை ஒப்பிடுவது என் வழக்கம்.

பையின் ஓரத் தையல் கொஞ்சம் விட்டிருந்தபோது, நம்ம ஊரில் ஸ்வெட்டர், ஜாக்கெட் தைக்கும் அண்ணன், "குடுங்க தம்பி, பத்து நிமிஷத்துல போட்டுத் தரேன்" என்றார். அன்போடுதான் சொன்னார். ஆனாலும் பாராசூட் தைக்கத் தெரிந்தவரிடமே அனுப்பினேன். நவீன விங்சூட்டை உருவாக்கிய பாட்ரிக் தெ கயார்தோன் 1998இல் ஹவாயில் இறந்ததற்குக் காரணம், தன் பாராசூட் பையில் அவரே செய்த ஒரு மாற்றம்.

குன்னூர்ப் பக்கத்து மலைமுனையான டால்பின்ஸ் நோஸிலிருந்து குதிப்பீர்களா என்று பலர் கேட்கிறார்கள். மாட்டேன். கீழே சரிவும் காடும்தான், இறங்க இடமில்லை. மூடுபனி எந்த நிமிடமும் ஏறிவரும்.

பழைய பை வாங்க நினைப்பவர்கள் பாராசூட்டைத் தெரிந்தவரிடம் முழுசாகப் பிரித்துக் காட்டுங்கள். பைலட் சூட்டை மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.