1848: பிரான்ஸா, டென்மார்க்கா?

1848 ஐரோப்பாவில் பல நாடுகளில் புரட்சி வெடித்த வருஷம். ஒரே ஒரு நாட்டின் 1848-ஐ மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் நான் பிரான்ஸைத்தான் சொல்வேன். விருந்து என்ற பெயரில் அரசுக்கு எதிராக நடக்கவிருந்த அரசியல் கூட்டத்துக்குத் தடை போட்டார்கள், பிப்ரவரி 22-ல் பாரிஸ் தெருவுக்கு வந்தது, 24-ஆம் தேதி ராஜா லூயி பிலிப் முடி துறந்து, 'ஸ்மித்' என்ற பொய்ப் பெயரில் இங்கிலாந்துக்கு ஓடினார். வேலையில்லாதவர்களுக்காகத் திறந்த தேசியப் பட்டறைகளை புதுக் குடியரசே மூடப்போக, ஜூனில் தெருவெல்லாம் தடுப்பரண், ஆயிரக்கணக்கில் சாவு. அப்புறம் டிசம்பரில் ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு கொடுத்து நடத்திய தேர்தலில் ஜெயித்தது யார் தெரியுமா? நெப்போலியனின் அண்ணன்... இல்லை, தம்பி மகன்!

டென்மார்க் கதை சட்டென்று முடிந்துவிடும். ஜனவரியில் பழைய ராஜா இறந்தார், மார்ச் 21-ல் தலைநகர் கோபன்ஹேகன் மக்கள் புது மந்திரிசபையும் அரசியல் சட்டமும் கேட்டு அரண்மனைக்கு ஊர்வலம் போனார்கள், புது ராஜா ஏழாம் ஃபிரடெரிக்கோ பழைய மந்திரிகளை ஏற்கெனவே பதவியிலிருந்து நீக்கிவிட்டேன் என்று சொல்ல, கூட்டம் கலைந்தது. தலைநகரில் ரத்தம் சிந்தவில்லை, சரி. ஆனால் டென்மார்க்குக்கும் ஜெர்மானியர்களுக்கும் இடையே இழுபறியாக இருந்த ஷ்லெஸ்விக் என்ற பகுதிக்காக அதே வசந்தத்தில் போர் மூண்டது. அரசியல் சட்டம் மட்டும் 1849 ஜூன் 5-ல் வந்து நிலைத்தது, பிரான்ஸின் குடியரசு நாலே வருஷத்தில் போய்விட்டது.