அம்பையா, கம்பமா, பொள்ளாச்சியா: சைக்கிளில் சாவகாசமாகச் சுற்ற எது தோது?

சைக்கிளில் இரண்டு மூன்று நாள் ஊர் சுற்ற வேண்டும், ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் குளமோ வயலோ வர வேண்டும், ஆனால் நாக்குத் தள்ளக் கூடாது. இப்படிக் கேட்பவர்களுக்கு நம் ஊரில் மூன்று இடங்களைத்தான் கைகாட்டுவார்கள்: தென்காசி-அம்பாசமுத்திரம் (அம்பை) பக்கம்; தேனிக்குத் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கு; பொள்ளாச்சி-உடுமலை பக்கம். மூன்றுமே மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரம்தான், போட்டோவில் பார்த்தால் எது எந்த ஊர் என்றே தெரியாது. பெடலை மிதிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். என் ஓட்டு அம்பைக்கு. ஆனால் மற்ற இரண்டையும் தள்ளிவிட முடியாது, சிலருக்கு அவைதான் சரி.

ஏற்றம் எவ்வளவு இருக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள், காற்று எப்படி என்று கேட்கிறவர் குறைவு. தமிழ்நாட்டில் காற்றாலைகள் கூட்டம் கூட்டமாக நிற்பது நான்கு கணவாய்களை ஒட்டி: ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு. நாம் பேசுகிற மூன்று இடங்களும் அதில் மூன்றின் வாசற்படியிலேயே இருக்கின்றன. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, அதிலும் ஆடி மாதம், மலை இடைவெளி வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்றை எதிர்த்து மிதித்தால் தட்டையான ரோட்டில்கூட கால் கடுத்துப்போகும், பக்கத்தில் லாரி கடக்கும்போது ஹேண்டில்பார் தானாக ஒரு ஆட்டம் ஆடும். அதனால் எந்த ஊர் என்பதற்கு முன்னால், எந்தத் திசையில் ஓட்ட முடியும் என்று பார்க்க வேண்டும்.

அம்பை பக்கம் ஜெயிப்பது இங்கேதான். சைக்கிளை ரயிலில் புக் செய்து செங்கோட்டையில் இறங்கலாம். சென்னையிலிருந்து வரும் பொதிகை எக்ஸ்பிரஸ் அங்கேயே முடிகிறது, சைக்கிளை இறக்குவதற்குள் வண்டி கிளம்பிவிடுமோ என்ற பதற்றம் கிடையாது. அங்கிருந்து இலஞ்சி, குற்றாலம், கடையம், ஆழ்வார்குறிச்சி, அம்பை, கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று திருநெல்வேலி வரை மொத்த வழியும் கிழக்கும் தென்கிழக்குமாகவே போகிறது. காற்று முதுகில், ரோடும் பொதுவாக இறக்கம். எல்லாம் சேர்த்து 90 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும், மனசு வைத்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம், ஆனால் அப்படி முடிப்பதற்கு இங்கே வர வேண்டியதில்லை. மூன்று நாளாக இழுக்க வேண்டிய வழி இது.

கம்பத்தில் இந்த வசதி இல்லை. தேனியிலிருந்து கூடலூர் போவது தென்மேற்கே, அதாவது நேராகக் காற்றின் வாய்க்குள். திரும்பும்போது பறந்து வரலாம், ஆனால் போகாமல் எப்படித் திரும்புவது? பொள்ளாச்சியில் பாலக்காட்டு இடைவெளியே 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம் என்பதால் எங்கே போனாலும் காற்று தப்பாது. பொள்ளாச்சியில் தொடங்கிக் கிழக்கே உடுமலை, பழனி என்று போய், அங்கே ரயில் ஏறிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

சரி, காற்றே வேண்டாம் என்றால் மார்கழி, தை, மாசியில் போகலாம். எனக்குப் பிடித்ததும் அதுதான், காரணம் குளங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்தால்தான் நெல்லை, தென்காசிக் குளங்கள் நிறைந்து மறுகால் பாயும், பிசானப் பருவ நெல் பச்சையாக நிற்கும். சாரல் காலத்தில் போனால் அருவியில் தண்ணீர் இருக்கும், கார் பருவ நெல் நடவும் பார்க்கலாம், ஆனால் வானம் பார்த்த குளங்கள் பல அப்போது காய்ந்துதான் கிடக்கும். கார்த்திகையிலும் மார்கழித் தொடக்கத்திலும் மட்டும் அவசரப்பட வேண்டாம். 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு வாரம் பேப்பரில் அணை நீர்மட்டச் செய்தியைப் பாருங்கள், இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118, கடனா நதி 85, ராமநதி 84 என்பவை கொள்ளளவு உயரங்கள்; இன்றைய மட்டம் அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு உங்கள் பயணம் பசுமையாக இருக்கும். செங்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள குண்டாறு 36 அடிதான், வருடா வருடம் அதுதான் முதலில் நிறையும், அதை மட்டும் பார்த்துவிட்டு ஏமாற வேண்டாம். கம்பத்துக்கு முல்லைப்பெரியாறும் வைகையும் (71 அடி), பொள்ளாச்சிக்கு ஆழியாறும் (120) அமராவதியும் (90) பார்க்க வேண்டியவை.

தண்ணீர் விஷயத்தில் மூன்றும் மூன்று விதம். பொள்ளாச்சியில் தண்ணீர் பெரும்பாலும் அணையிலும் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்காலிலும் இருக்கிறது: ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி. ஓர் அணைக்கும் அடுத்த அணைக்கும் நடுவே தென்னந்தோப்பு, தென்னந்தோப்பு, மறுபடியும் தென்னந்தோப்பு. நிழலுக்குக் குறைவில்லை, இளநீருக்கும்தான், ஆனால் மலையே தெரியாமல் பல கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும், வேர்வாடல் நோயில் மஞ்சளடித்து நிற்கிற மரங்கள் வேறு கண்ணை உறுத்தும். கம்பத்தில் கதாநாயகன் முல்லைப்பெரியாறு. 1895-இல் பென்னிகுக் கட்டி முடித்த அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்து, ராட்சதக் குழாய்களில் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்குவதை ரோட்டிலிருந்தே பார்க்கலாம், அவருடைய மணிமண்டபமும் அங்கேதான். அந்தத் தண்ணீரில்தான் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அதைப் பார்த்துவிட்டுத் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே திரும்பி வருவது நல்ல அனுபவம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அம்பை வட்டாரத்தில் தண்ணீர் நம்மோடு கூடவே வரும். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள், அதில் ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரன் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. கன்னடியன் கால்வாய் கல்லிடைக்குறிச்சியிலிருந்து பத்தமடை தாண்டி வரை நம் ரோட்டை விட்டு அதிக தூரம் விலகுவதே இல்லை. கால்வாய், குளம், வயல், கோவில், அக்ரஹாரம், டீக்கடை, மறுபடி குளம், வலது பக்கம் எந்நேரமும் பொதிகை மலை. ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு ஊர் வந்துவிடும், அதுவும் ஒவ்வொன்றும் ஏதாவது ஒன்றுக்குப் பேர்போன ஊர்: கல்லிடைக்குறிச்சி அப்பளம், பத்தமடைப் பாய், நாதஸ்வரத்துக்குக் காருகுறிச்சி. கடையம் பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர், பாரதி 1918 முதல் 1920 வரை அங்கே இருந்தார். சைக்கிளில் சாவகாசமாகப் போவது என்றால் நிறுத்துவதற்குக் காரணம் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்த வகையில் இந்த ரோட்டுக்கு நிகர் இல்லை.

ரோட்டைப் பற்றி நல்லதையே சொல்லிக்கொண்டிருந்தால் நியாயம் இல்லை. ஆலங்குளம் வழியாகப் போகிற தென்காசி, திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் சைக்கிளை விடாதீர்கள், வேகமும் வெயிலும் மட்டும்தான் அங்கே மிச்சம். செங்கோட்டையிலிருந்து கேரளா போகிற ரோட்டில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் வரிசை கட்டும், புளியரைப் பக்கம் தலைவைக்காமல் நேராக இலஞ்சிக்கு வந்துவிடுங்கள். பொள்ளாச்சியிலும் கேரளாப் பக்கம் போகும் ரோடுகளில் அதே லாரிகள்தான்.

கம்பத்தில் ஆபத்து வேறு ரூபத்தில் வரும். காலையில் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புகள் போடி மெட்டுக்கும் கம்பம் மெட்டுக்கும் பறக்கும், சாயங்காலம் அதே வேகத்தில் இறங்கும். அதோடு கார்த்திகை, மார்கழியில் தேனி, குமுளி ரோடு முழுக்க ஐயப்பன் சாமிமார் வண்டிகள். குளம் நிறைந்து காற்று அடங்குகிற நல்ல பருவம் இப்படிப் போய்விடுகிறது என்பதுதான் கம்பத்தின் மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை. இதற்கு ஒரு மாற்று உண்டு: நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, 2023-இலிருந்து மறுபடி ரயில் வருகிற போடியில் இறங்கி, தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை என்று மேற்கு மலையை உரசிக்கொண்டு தெற்கே போகிற ரோட்டைப் பிடியுங்கள். பண்ணைப்புரம் இளையராஜாவின் ஊர் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வழியில் போனால் கம்பத்துக்கு என்னிடம் மதிப்பெண் நன்றாகவே கூடும்.

மலை ஏறியே தீருவேன் என்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கியர் சைக்கிளும் காலில் தெம்பும் இருந்தால் மூன்று இடங்களில் இதுதான் பெரிய விருந்து. ஆனால் யானை நடமாடுகிற ரோடு, விடிந்தபின் ஏறி, இருட்டுவதற்குள் சேர்ந்துவிட வேண்டும். லோயர் கேம்பிலிருந்து குமுளி ஏற்றம் ஆறேழு கிலோமீட்டர்தான், ஆனால் செங்குத்து, பஸ் புகையோடு ஏற வேண்டும். அம்பையில் இந்த ஆசையே வைத்துக்கொள்ளாதீர்கள். பாபநாசத்துக்கு மேலேயும் மணிமுத்தாறுக்கு மேலேயும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், வனத்துறைச் சோதனைச்சாவடியில் கேட்டுவிட்டுத்தான் எதுவும். மலையைப் பார்த்துக்கொண்டே போகலாம், ஏற முடியாது. சிலருக்கு இது ஏமாற்றம், எனக்கு நிம்மதி.

தங்குவதில் அம்பைதான் கொஞ்சம் பின்தங்கி நிற்கிறது. குற்றாலத்தில் சீசனில் அறை வாடகை எகிறிவிடும், அம்பையில் லாட்ஜ்கள் குறைவு. பொள்ளாச்சியில் தோப்புக்குள் தங்கும் வீடுகள் நிறைய, காசும் அதற்கேற்ப. குழந்தைகளோடு, ஒரே இடத்தில் தங்கி, காலையில் மட்டும் பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டித் திரும்பும் குடும்பத்துக்குப் பொள்ளாச்சியையே சொல்வேன். சாப்பாட்டில் செங்கோட்டைக்குப் பக்கத்துப் பிரானூர் பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் இருக்கும்வரை தென்காசியோடு யாரும் போட்டி போட வேண்டாம், ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டு உடனே மிதிக்கவும் முடியாது.

சைக்கிள் எது? அம்பை வழிக்கு வீட்டில் இருக்கிற கியர் இல்லாத சைக்கிளே போதும், செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டையை மாற்றினால் சரி. கம்பத்துக்குக் கியர் இருந்தால் நல்லது. மூன்று இடத்துக்கும் பொதுவான எதிரி சீமைக்கருவேல முள், குளத்தங்கரைப் பாதையில் இறங்கினால் பஞ்சர் நிச்சயம், இரண்டு ட்யூப் கூடுதலாக வைத்திருங்கள். ஒரு நாள் மிச்சம் இருக்கிறவர்கள் திருநெல்வேலியில் முடிக்காமல் தெற்கே கூந்தன்குளம் வரை போகலாம், மாசி, பங்குனியில் போனால் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டியிருக்கும். அந்த ரோட்டில் நிழல் கிடையாது, ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள்.