கேட்காமலே பில்லில் ஏறிய "கல்வி நன்கொடை"

பள்ளி திறக்கும் நேரம். ஆன்லைனில் நோட்டு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

நான் வாங்கிய நோட்டின் பின்னட்டையில் சீருடை போட்ட ஒரு சிறுமி சிரிக்கிறாள். கீழே, "நீங்கள் வாங்கும் ஒவ்வொரு நோட்டிலும் ஒரு பங்கு ஏழைக் குழந்தையின் படிப்புக்கு" என்று இருக்கிறது. எவ்வளவு பங்கு, எந்த அறக்கட்டளைக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. விலையும் மற்ற நோட்டைவிடக் கூடுதல். நல்ல காரியத்துக்குப் போகிறது என்றுதான் வாங்கினேன். அது போதாதென்று, பில்லை விரித்துப் பார்த்தால் "கல்வி நன்கொடை ₹20" என்று தனியாக ஒரு வரி. நான் தொடாமலே டிக் விழுந்திருந்தது.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன்.

"இந்தப் பணம் யாருக்குப் போகுது?"

"எங்க பார்ட்னர் என்ஜிஓவுக்கு மேடம்."

"பேரு?"

"அது எங்க சிஸ்டத்துல காட்டாது மேடம்."

ரசீதும் கிடையாதாம். மெயில் அனுப்பினால் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில்.

இது சட்டப்படியே தப்பு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், 'டார்க் பேட்டர்ன்' (வாங்குபவரை ஏமாற்ற ஆன்லைன் பக்கங்களில் வைக்கும் பொறி) என்று 13 தந்திரங்களைத் தடை செய்திருக்கிறது. வாங்குபவர் சம்மதம் இல்லாமல் பில்லில் நன்கொடை சேர்ப்பதும் அதில் ஒன்று.

பொருளை விற்று நன்கொடை திரட்டுவதே மோசடி என்று நான் சொல்லவில்லை. 1983-ல் சுதந்திர தேவி சிலையைப் புதுப்பிக்க அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம், கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் 1 சென்ட், புதுக் கார்டுக்கு 1 டாலர் என்று கணக்கை முன்கூட்டியே சொல்லித்தான் 17 லட்சம் டாலர் கொடுத்தது. 'ஒரு பங்கு' என்பவர்களிடம் கேட்க அப்படி என்ன கணக்கு இருக்கிறது?

இருபது ரூபாய் போனால் போகட்டும் என்று என்னால் விட முடியவில்லை. எங்கள் தெருவில் ஒரு அக்கா வருஷா வருஷம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீடு வீடாகப் போய் நோட்டு திரட்டுகிறார். வாங்கியதற்கும் கொடுத்ததற்கும் கணக்கு எழுதி வாசலில் ஒட்டுவார். இந்த வருஷம் அவரிடமே, "இந்தக் காசெல்லாம் நெஜமாவே போய்ச் சேருதா?" என்று கேட்கிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

கொடுக்க நினைப்பவர்கள் அறக்கட்டளைக்கே நேரடியாகக் கொடுங்கள். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி பதிவு உள்ள இடம் என்றால் ரசீது கேட்டு வாங்குங்கள். உங்கள் பில்லிலும் இப்படி ஏறியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள். பணம் கட்டும் முன்பே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், டிக் தானாக விழுந்திருந்ததற்கு அதுதான் சாட்சி.