எண்ணூரில் ஒரு எஸ்-400: 'கமாண்ட்: மாடர்ன் ஆபரேஷன்ஸ்' வாங்கலாமா?

இது நவீனப் போர்களை வரைபடத்தில் நடத்திப் பார்க்கும் கம்ப்யூட்டர் கேம். கிராபிக்ஸ் எதிர்பார்ப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். ஒரு உலக வரைபடம், அதன்மேல் நகரும் குறிகள், ஓடிக்கொண்டே இருக்கும் மெசேஜ் லாக், அவ்வளவுதான். 2019-இல் வந்தது. மெனு முழுக்க ஆங்கிலம், முதல் வாரம் தலை சுற்றும்.

ஆனால் போர்க்களத்தை நாமே அமைக்கும் சினாரியோ எடிட்டர் இருக்கிறதே, காசு அதற்குத்தான். மணலி சுத்திகரிப்பு ஆலை, காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி மூன்றையும் காக்க எண்ணூரில் ஒரு எஸ்-400 (வரும் விமானங்களையும் ஏவுகணைகளையும் வானிலேயே சுட்டு வீழ்த்தும் ரஷ்ய அமைப்பு) வைத்தேன். எதிர்த்தரப்புக்கு இஸ்கந்தர், அதுவும் ரஷ்யாவின் பாலிஸ்டிக் ஏவுகணைதான். அதை எங்கிருந்து ஏவினேன் என்று கேட்காதீர்கள், பெங்களூர் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

எஸ்-400 எட்டும் தூரத்தைக் காட்டும் 400 கி.மீ. வட்டம் விரிந்ததும் பெருமையாகத்தான் இருக்கும், திருச்சியே உள்ளே வந்துவிடும், மதுரைக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும். நம் நாடு 2018-இல் இதை வாங்க ஒப்பந்தம் போட்டதிலிருந்து டீக்கடை வரை எல்லோரும் சொல்வது இந்த 400-ஐத்தான். அது விமானம் மாதிரியான இலக்குகளுக்கு, அதுவும் உயரத்தில் பறந்தால். பாலிஸ்டிக் ஏவுகணைக்கு எஸ்-400 தயாரிப்பாளர்களே சொல்லும் தூரம் சுமார் 60 கி.மீ., எண்ணூரிலிருந்து மாமல்லபுரத்தைக்கூடத் தொடாது. வினாடிக்கு 2 கி.மீ. வேகத்தில் வருவது அந்த 60-ஐக் கடக்க அரை நிமிடம் போதும்.

சாதாரண பாலிஸ்டிக் ஏவுகணை என்றால் எஞ்சின் அணைந்த பிறகு ஒரே வளைவில்தான் விழும், ராடார் கொஞ்ச நேரம் பார்த்தாலே எங்கே விழும் என்று கணக்குப் போட்டு, நம் ஏவுகணையை முன்கூட்டியே அந்த வழிக்கு அனுப்பிவிடலாம். இஸ்கந்தர் 50 கி.மீ. உயரத்துக்குள்ளேயே தாழ்வாக வந்து வழியில் திரும்பவும் செய்யும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் சந்திக்கும் இடம் மாறும், மறிக்கப் போன ஏவுகணை அதைவிடக் கூர்மையாகத் திரும்ப வேண்டும், அப்படித் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதன் வேகம் குறையும். அதனால் நிஜத்தில் காக்க முடிகிற பரப்பு வட்டத்தைவிடச் சின்னது. விண்வெளியில் மறிக்கிற அமெரிக்காவின் எஸ்எம்-3 ஏவுகணை இதற்கு உதவாது, இஸ்கந்தர் அவ்வளவு மேலே போவதே இல்லை.

சரி, கேம் இதை எவ்வளவு நன்றாகக் காட்டுகிறது? பாதி. ஒவ்வொரு மோதலிலும் கடைசியில் ஒரு சதவீதம் போட்டு, தாயம் உருட்டுவது போல ஒரு எண் எடுத்து, பட்டதா படவில்லையா என்று முடிவு செய்கிறது. அந்தக் கணக்கு லாகில் வரி வரியாக வருகிறது, ஒளிவுமறைவு இல்லை, அது பிடித்திருக்கிறது. ஆனால் அதே சினாரியோவில் ஒரு தடவை மணலி தப்பிக்கும், அடுத்த தடவை எரியும், ஆகவே ஒரே ஒரு ஓட்டத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு 'எஸ்-400 வேஸ்ட்' என்று சண்டைக்கு வருகிறவர்களை நம்பாதீர்கள். ஆயுதங்களின் எண்களும் வெளியே தெரிந்த தகவல்களை வைத்து மதிப்பிட்டவைதான், ராணுவ ரகசியம் எதுவும் உள்ளே இல்லை.

ஒரு இலக்குக்கு எத்தனை ஏவுகணை விடுவது என்பதை நாமே மாற்றலாம். ஒன்றை இரண்டாக்கினால் மணலி தப்பிக்கும் வாய்ப்பு கூடும், ஆனால் எதிரி கூட்டமாக அனுப்பினால் லாஞ்சர் சீக்கிரம் காலி. இதை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

விலை கொஞ்சம் அதிகம், ஸ்டீம் இணையக் கடையில் ஆஃபர் வரும்போது வாங்குங்கள். பெரிய சினாரியோவுக்கு நல்ல பிராசசர் வேண்டும், என் பழைய லேப்டாப் தண்டையார்பேட்டை வெயிலில் ஃபேன் அலற அலறத்தான் ஓடுகிறது. ஐந்துக்கு நான்கு.