அப்பத்தா ஸ்டிக்கரை டெலிகிராமுக்கு மாற்றப் போய் ஏமாந்த கதை: இந்த மாதிரி ஆப்களை நம்பாதீர்கள்

வாட்ஸ்அப்பில் இருக்கும் ஸ்டிக்கர்களை டெலிகிராமுக்கு ஒரே க்ளிக்கில் மாற்றித் தருகிறோம் என்று சொன்ன ஓர் ஆப்பை நம்பினேன். மூன்று வாரத்தில் 1,199 ரூபாய் போயிற்று. பணம் போனால் போகட்டும், சம்பாதித்துக்கொள்ளலாம். இறந்துபோன எங்கள் அப்பத்தாவின் முகமும், மூன்று வயதான என் தங்கை மகளின் முகமும் முன்பின் தெரியாதவர்கள் கைக்குப் போய்விட்டன. அதுதான் ஆறவில்லை.

முதலில் அந்த ஸ்டிக்கர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் வந்தது 2018 அக்டோபரில். அடுத்த வருடமே என் தம்பி வீட்டு ஆட்களின் போட்டோக்களை வெட்டி ஸ்டிக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டான். அப்பத்தா விரலை நீட்டி "சாப்ட்டியா?" என்று கேட்பது, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு முறைப்பது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது. அந்தச் சிரிப்பு மட்டும் அசையும் ஸ்டிக்கர். மொத்தம் 65 சேர்ந்திருந்தன: அசையாதவை 54, அசைபவை 11. 2022-இல் அப்பத்தா தவறிவிட்டார். அதற்குப் பிறகு தம்பியின் பழைய போன் தண்ணீரில் விழுந்து, மூலப் படங்கள் எல்லாம் அதோடு போயின. வாட்ஸ்அப்பில் இருந்த ஸ்டிக்கர்கள்தான் மிச்சம்.

சித்தப்பா மகள் கல்யாணத்தின்போது போட்டோவும் வீடியோவுமாக எல்லோர் போனும் நிரம்பி வழிந்தது. டெலிகிராமில் படங்கள் அவர்கள் சர்வரிலேயே இருக்கும், போனில் அழித்தாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று குடும்பக் குரூப்பை அங்கே மாற்றினோம். மாற்றிய அன்றைக்கே மதுரை அத்தை கேட்டது, "அம்மா ஸ்டிக்கர் எங்கடி?" என்றுதான். அந்தக் கேள்விக்காகத்தான் ஆப்பைத் தேடினேன்.

வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர்களை வேறு ஆப்புக்கு மொத்தமாக அனுப்ப ஒரு பட்டன் கிடையாது. இந்த ஆப்கள் பிழைப்பு நடத்துவது அந்த இடைவெளியில்தான். ஒரு வீடியோவின் கீழே இருந்த லிங்கைத் தொட்டேன். பிளே ஸ்டோருக்குப் போகாமல் நேராக ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு) இறங்கியது. அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. திறந்ததும் போனில் உள்ள எல்லாக் கோப்புகளுக்கும் அனுமதி கேட்டது. ஸ்டிக்கர்களைப் படிக்க அது தேவைதானே என்று கொடுத்துவிட்டேன். ஸ்டிக்கரை மட்டுமா அது படிக்கும்? போனில் இருக்கும் ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், வீட்டு போட்டோ எல்லாமே அந்த ஒரு அனுமதிக்குள் அடங்கும்.

அடுத்து டெலிகிராம் நம்பரைக் கேட்டு, "வரும் லாகின் கோடு எண்ணை இங்கே போடுங்கள்" என்றது. கோடு டெலிகிராமுக்குள்ளேயே வந்தது. இதை யாருக்கும் தராதீர்கள், டெலிகிராமிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும் தராதீர்கள் என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருந்தது. அதைப் படித்ததால் போடவில்லை. போட்டிருந்தால் என் கணக்கு அவர்கள் போனிலும் திறந்திருக்கும். எந்த ஸ்டிக்கர் வேலைக்கும் உங்கள் லாகின் கோடு தேவையே இல்லை. கேட்டால் அந்த நிமிடமே மூடுங்கள்.

நான் மூடவில்லை. "கணக்கு இல்லாமல் தொடரவும்" என்று கீழே இன்னொரு பட்டன் இருந்தது, அதை அழுத்தினேன். பத்து ஸ்டிக்கருக்கு மேல் வேண்டுமென்றால் மூன்று நாள் சோதனைக்கு 2 ரூபாய் என்றது. யூபிஐ பக்கத்தில் பெரிய எழுத்தில் 2 ரூபாய். பின் நம்பரைப் போட்டேன். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஆட்டோபே (தவணைதோறும் தானாகப் பணம் எடுப்பது) என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் 399, அடுத்த வாரம் 399, அதற்கடுத்த வாரமும் 399. பணம் எடுப்பதற்கு முந்தின நாள் மெசேஜ் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மெசேஜ் வந்துதான் இருந்தது. ஆனால் அதில் இருந்தது ஆப்பின் பெயர் இல்லை, கேள்விப்படாத வேறொரு பெயர். மற்ற பேங்க் மெசேஜ்களோடு அதுவும் கிடந்தது. இதற்குள் ஆப்பையே போனிலிருந்து நீக்கியிருந்தேன். ஆப்பை நீக்கினால் ஆட்டோபே நிற்காது. யூபிஐ ஆப்புக்குள் ஆட்டோபே பகுதிக்குப் போய், அந்த மேண்டேட்டை (நாம் கொடுத்த ஒப்புதலை) நாமே ரத்து செய்ய வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் இப்போதே ஒரு தடவை அங்கே போய்ப் பாருங்கள். என் கணவரின் போனிலும் மறந்துபோன இரண்டு இருந்தன.

இவ்வளவு வாங்கிக்கொண்டு செய்து கொடுத்த வேலையைச் சொல்கிறேன். 54 ஸ்டிக்கரிலும் மூலையில் அவர்கள் பெயர் முத்திரை. அசையும் பதினொன்றும் அசையவில்லை. வாட்ஸ்அப்பின் அசையும் ஸ்டிக்கர் வெப்பி என்ற வடிவத்தில் இருக்கும். டெலிகிராம் வீடியோ ஸ்டிக்கருக்கு அது ஆகாது. வெப்எம் என்ற வடிவத்தில், மூன்று விநாடிக்குள், 256 கேபிக்குள் இருக்க வேண்டும். மாற்ற முடியும், ஆனால் ஒவ்வொன்றையும் மெனக்கெட்டு மாற்ற வேண்டும். இவர்கள் முதல் பிரேமை (அசைவின் முதல் படத்தை) மட்டும் வெட்டி எடுத்து வைத்துவிட்டார்கள். அப்பத்தா சிரிக்கும் ஸ்டிக்கரில் முதல் பிரேம் சிரிப்புக்கு முந்தினது. முந்தானை பாதி தூக்கியபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

பத்து நாள் கழித்து சித்தப்பா மகன் போன் செய்தான். "அக்கா, ஐயாயிரம் பேர் இருக்கிற கிரிக்கெட் குரூப்ல யாரோ அப்பத்தா ஸ்டிக்கர் போடுறான்." நம்பவில்லை. ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். விரலை நீட்டிக்கொண்டு அப்பத்தாவேதான். ஸ்டிக்கரைத் தொட்டால் அது இருக்கும் பேக்கின் (ஸ்டிக்கர் தொகுப்பின்) தலைப்பு வந்தது: "வேடிக்கைப் பாட்டி". நாங்கள் வைத்த பெயர் அது இல்லை. அந்த ஆப்காரர்களுக்கு டெலிகிராமில் ஒரு சேனல் இருக்கிறது. மக்கள் மாற்றச் சொல்லிக் கொடுத்த பேக்குகளையெல்லாம் "புது வரவு" என்று அதில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். எங்கள் பேக்கில் தங்கை மகள் சின்னவள் சோற்றைக் கன்னமெல்லாம் பூசிக்கொண்டு சிரிக்கும் படமும் இருந்தது. தங்கையிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

டெலிகிராமில் ஸ்டிக்கர் பேக் எதுவும் வீட்டுக்குள் மட்டும் இருக்கிற சமாசாரம் இல்லை. ஒவ்வொரு பேக்குக்கும் ஒரு லிங்க் உண்டு. லிங்க் கிடைத்தவர் யாரும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு குரூப்பில் ஒருவர் ஒரு ஸ்டிக்கர் அனுப்பினால், அதைத் தொட்டு மொத்த பேக்கையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இது தெரியாது. எங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நான் லாகின் கொடுக்காததால், ஆப் தன் பாட் (டெலிகிராமில் தானாக இயங்கும் கணக்கு) வழியாகத் தன் கணக்கிலேயே பேக்கை உருவாக்கியிருக்கிறது. டெலிகிராமின் ஸ்டிக்கர்ஸ் பாட்டுக்குப் போய் அழிக்கலாம் என்று பார்த்தால், என் பட்டியலில் அந்த பேக்கே இல்லை. என் பேக்காக இருந்தால்தானே அழிக்க முடியும்? ஒரு பேக் பாட் வழியாக உருவானதா என்று பார்க்க அதன் லிங்கின் வாலைப் பாருங்கள். ஆங்கிலத்தில் "பை" (by) என்று போட்டு அதன் பின்னால் பாட்டின் பெயர் ஒட்டியிருக்கும்.

ஆப்காரர்களுக்கு நான்கு மெயில் போட்டேன். நான்குக்கும் ஒரே தானியங்கி பதில். பேங்கில் கேட்டபோது, நீங்களே பின் போட்டு ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள் என்றார்கள். 1930-க்கு போன் செய்து சைபர் குற்றப் புகார் பதிந்தேன், பணம் இன்னும் வரவில்லை. படங்களுக்காக டெலிகிராமின் முறைகேட்டுப் புகார் மெயிலுக்கும், இந்தியாவுக்கான குறைதீர் அலுவலருக்கும் எழுதினேன். பெரிய தளங்கள் இப்படி ஓர் அலுவலரை வைக்க வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன, ஆகவே எழுதத் தயங்காதீர்கள். குழந்தையின் படம் இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். லிங்க், ஸ்க்ரீன்ஷாட், தேதி எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் போனது தெரிந்தால் ஆப்காரர்கள் பெயரை மாற்றிவிடலாம். இப்போது அந்த லிங்க் திறக்கவில்லை. அதற்குள் யார் யார் எடுத்து வைத்திருக்கிறார்களோ, தெரியாது.

இந்த வேலைக்கு ஆப்பே வேண்டாம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆண்ட்ராய்டு போனில் கோப்பு மேலாளரைத் திறந்து, ஆண்ட்ராய்டு, மீடியா, காம் டாட் வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா என்று உள்ளே போனால் "வாட்ஸ்அப் ஸ்டிக்கர்ஸ்" என்று ஒரு போல்டர். மற்றவர்கள் அனுப்பியதும் அதில் கலந்து கிடக்கும், பொறுக்கி எடுக்கத்தான் நேரம் ஆகும். வாட்ஸ்அப் ஸ்டிக்கர் 512-க்கு 512 பிக்சல். டெலிகிராமும் ஒரு பக்கம் சரியாக 512 இருந்தால் போதும் என்கிறது. ஆகவே அசையாதவற்றில் எதையும் திருத்த வேண்டியதில்லை. டெலிகிராமின் சொந்த ஸ்டிக்கர்ஸ் பாட்டில் (பெயருக்குப் பக்கத்தில் நீல டிக் இருக்கிறதா என்று பாருங்கள், அதே பெயரில் போலிகள் உண்டு) ஸ்லாஷ் போட்டு நியூபேக் என்று தட்டி, ஒவ்வொரு படத்தையும் கோப்பாக அனுப்பி, அதற்கு ஒரு இமோஜி சொல்லி, கடைசியில் பப்ளிஷ். ஒரு பைசா செலவில்லை. 51 ஸ்டிக்கருக்கு எனக்கு ஒரு சாயங்காலம் போயிற்று. மீதி மூன்றும் சின்னவள் படங்கள். அவற்றை எதிலும் சேர்க்கவில்லை, இனி சேர்க்கவும் மாட்டோம்.

அசையும் பதினொன்றையும் தம்பி லேப்டாப்பில் உட்கார்ந்து மாற்றினான். அப்பத்தா சிரிப்பது மொத்தம் ஐந்து விநாடி, மூன்றுக்குள் அடங்கவில்லை. முந்தானையைத் தூக்குவதை வெட்டிவிட்டு, சிரிப்பு தொடங்குகிற இடத்திலிருந்து வைத்துக்கொண்டான். அத்தைதான் அதை முதலில் குரூப்பில் போட்டது.