மோட்டார் கடை அலுவலகத்தில் ஆட்டோமேஷன்: போட்டது 2019-இல், இன்றும் ஓடுவது எப்படி

ஈரோடு வட்டாரத்தில் மோட்டார், பைப், சொட்டுநீர்ச் சாமான்களை மொத்தமாக விற்கும் ஒரு கடையின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். 2019-இல் இங்கே ஆட்டோமேஷன் என்று தொடங்கியபோது வேலை மூன்றுதான். டாலி என்ற கணக்கு மென்பொருளிலிருந்து பாக்கிப் பட்டியலை எடுத்து கூகுள் ஷீட்டில் போட வேண்டும், பார்ட்டிகளுக்கு (கடனில் வாங்கும் டீலர்களுக்கு) நினைவூட்டல் போக வேண்டும், குறைந்துபோன சரக்கு எது என்று காலையில் தெரிய வேண்டும். அப்புறம் இ-வே பில் (சரக்கு வண்டியில் போக அரசு போர்ட்டலில் எடுக்கும் சீட்டு), வாட்ஸ்அப், இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டலில் பதிவாகும் பில்), வரி அட்டவணை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எந்த மென்பொருள் நல்லது, போட எவ்வளவு ஆகும் என்று கேட்பவர்கள் நிறைய. போட்ட பிறகு வருடக்கணக்காக அதை ஓட வைக்க என்ன பாடு என்று கேட்டவர்கள் குறைவு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இத்தனை வருடத்தில் எங்கள் ஸ்கிரிப்ட் (இந்த வேலைகளைச் செய்யும் சிறு நிரல்) தானாகப் பழுதானது அபூர்வம். வெளியே ஏதாவது மாறும்: வரி விகிதம், போர்ட்டல் விதி, ஒரு பார்ட்டியின் போன் நம்பர், ஆபீஸ் கம்ப்யூட்டர். ஸ்கிரிப்ட் பாட்டுக்குப் பழையபடியே ஓடிக்கொண்டிருக்கும், தப்பாக. போர் மோட்டார் நின்றால் தொட்டியில் தண்ணீர் விழாது, தோட்டத்துக்காரர் அரை மணி நேரத்தில் போன் போட்டுவிடுவார். ஆட்டோமேஷன் நின்றால் யாரும் போன் போடமாட்டார்கள்.

ஓர் உதாரணம். டாலியிடம் 9000 என்ற எண்ணுள்ள போர்ட் (மற்ற மென்பொருள் நுழையும் வாசல்) வழியாக எக்ஸ்எம்எல் வடிவில் கேட்டால் பாக்கிப் பட்டியலைக் கொடுக்கும். ஆனால் டாலி திறந்திருக்க வேண்டும், சரியான கம்பெனி லோடு ஆகியிருக்க வேண்டும். ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய், யுபிஎஸ் தீர்ந்து, கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி ஏறியது. விண்டோஸ் வந்துவிட்டது, டாலியைத் திறக்க ஆள் இல்லை. காலையில் ஸ்கிரிப்ட் கேட்டது, பதில் வரவில்லை. பதில் வராததை அது 'பாக்கி எதுவும் இல்லை' என்று எடுத்துக்கொண்டு, ஷீட்டைச் சுத்தமாகத் துடைத்து வைத்துவிட்டது. அன்றைக்கு யாருக்கும் நினைவூட்டல் போகவில்லை. வசூலுக்குக் கிளம்பிய லைன் ஆள் ஷீட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணா, எல்லாரும் கட்டிட்டாங்களா?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அதற்கு அப்புறம் செய்த மாற்றம் சின்னது, ஆனால் இதுவரை செய்ததிலேயே உருப்படியானது. இழுத்து வரும் ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு சரிபார்ப்பு உண்டு. மொத்தப் பாக்கி நேற்றைவிடப் பாதிக்குக் கீழே இறங்கினாலோ, வரிசை எண்ணிக்கை சுழியம் என்றாலோ, பழைய பட்டியலைத் தொடாதே, எனக்குத் தகவல் சொல் என்று எழுதி வைத்திருக்கிறோம். கூடவே தினமும் காலை ஒன்பதே காலுக்கு ஒரு மெயில் வரும்: எது ஓடியது, எது ஓடவில்லை, கடைசியாக டாலியைத் தொட்டது எப்போது. எல்லாம் சரியாக இருந்தாலும் வரும். அந்த மெயில் வராவிட்டால் அதுவே செய்தி. 'தவறு நடந்தால் மட்டும் தகவல் அனுப்பு' என்ற ஏற்பாட்டை நான் நம்புவதில்லை. தகவல் அனுப்புகிற இடமே படுத்துவிட்டால் யார் சொல்வது?

வரி விகிதத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் தலைவலி அங்கேதான் அதிகம். 2022 ஜூலை 18 முதல் சப்மெர்சிபிள், சென்ட்ரிஃபியூகல் போன்ற தண்ணீர் மோட்டார்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அன்றைக்கு விகிதங்கள் எல்லாம் ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. எழுதிக் கொடுத்தவர் வேறு ஊரில், வேறு வேலையில். டாலியில் எங்கள் பில்லிங் பெண் சரியாக மாற்றிவிட்டார். வாட்ஸ்அப்பில் போகும் விலைக் குறிப்பு மட்டும் பழைய 12-இலேயே போய்க்கொண்டிருந்தது. மோட்டார் கேட்டு வந்த டீலர்கள் போனைக் காட்டி, "நீங்கதானே அனுப்பினீங்க" என்று நின்றார்கள். முதலாளி சிலருக்கு அந்த வித்தியாசத்தைக் கையிலிருந்து விட்டுக்கொடுத்தார்.

பிறகு விகிதங்களை வெளியே எடுத்து ஒரு ஷீட்டில் வைத்தோம். எச்எஸ்என் கோட் (பொருளின் வரி வகையைச் சொல்லும் எண்), விகிதம், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை: நான்கே பத்திகள். ஷீட்டின் பழைய வரிசையை யாரும் அழிக்கக் கூடாது. முடிவுத் தேதி போட்டுவிட்டு, கீழே புது வரிசை சேர்க்க வேண்டும். டெவலப்பர் தேவையில்லை, பில்லிங் பெண்ணே செய்வார்.

2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, 22-ஆம் தேதியிலிருந்து புது விகிதம் என்று அறிவித்தபோது இந்த ஷீட்டுக்கு உண்மையான சோதனை வந்தது. ஸ்பிரிங்ளரும், லேட்டரல் (செடி வரிசையோரம் ஓடும் மெல்லிய பைப்) உட்பட்ட சொட்டுநீர்ச் சாமானும் 12-லிருந்து 5 ஆகின. மோட்டார் 18-லேயே நின்றது. சாதாரண பிவிசி பைப்பும் 18-தான். குடோனில் பக்கத்துப் பக்கத்து ரேக்கில் கிடக்கும் இரண்டு வகைப் பைப்புக்கு 5 ஒன்று, 18 ஒன்று. எது எந்தக் கோடில் வரும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டு, பொருள் வாரியாக எழுதி வாங்கிக்கொண்டோம். 22-ஆம் தேதி காலை முதல் பில் சரியாகவே வந்தது.

அந்த வாரக் கடைசியில்தான் ஒரு நல்ல கேள்வி வந்தது. ஆகஸ்டில் வாங்கிய லேட்டரலில் கொஞ்சத்தை ஒரு டீலர் திருப்பி அனுப்பியிருந்தார். பில்லிங் பெண் கேட்டார்: "அண்ணா, இதுக்கு எந்தத் தேதிங்க கணக்கு? பில் போட்ட தேதியா, திரும்பி வந்த தேதியா?" பில் போட்ட தேதிதான். 12 சதவீதத்தில் விற்றதற்கு கிரெடிட் நோட்டும் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) 12 சதவீதத்தில்தான் போட வேண்டும். இன்றைய தேதியைப் பார்த்து விகிதம் எடுக்கும் ஏற்பாடாக இருந்திருந்தால் 5 போட்டிருக்கும். மூலப் பில்லின் தேதியை வைத்துத் தேடு என்று மாற்ற வேண்டியிருந்தது ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரிதான். பழைய விகிதங்களை அழிக்காமல் வைத்திருந்ததால் அது முடிந்தது.

நினைவூட்டல் கதை வேறு. இதில் நாங்கள் ஆட்டோமேஷனைக் குறைத்தோம். ஆரம்பத்தில் பாக்கி நாள் கடந்தால் காலை எட்டு மணிக்குத் தானாக மெசேஜ் போய்விடும். எங்கள் வசூலில் பாதி இன்னமும் லைனில் ரொக்கமாக வருவது. லைன் ஆள் சாயங்காலம் வாங்கிய பணம் மறுநாள் பத்து மணிக்கு மேல்தான் டாலியில் ரசீதாக ஏறும். நேற்று ராத்திரி கையில் பணம் கொடுத்தவருக்கு இன்று காலை 'தங்கள் பாக்கி' என்று மெசேஜ் போனால் எப்படி இருக்கும்? கோபி பக்கம் ஒரு பழைய டீலர், முதலாளியின் அப்பா காலத்திலிருந்து வாங்குபவர், ஒரு மாதம் எங்கள் பக்கமே வரவில்லை. மெசேஜ் அனுப்பிச் சம்பாதித்த வசூலைவிட அந்த மாத நஷ்டம் பெரிது.

இப்போது பத்தரை மணிக்குப் பட்டியல் முதலில் லைன் ஆளின் போனுக்குப் போகும். அவர் 'வேண்டாம்' என்று டிக் அடித்த பெயர்களை விட்டுவிட்டு, மற்றவர்களுக்குப் பதினொன்றரைக்குப் போகும். அவர் பார்க்கவே இல்லை என்றால் அன்றைக்கு யாருக்கும் போகாது. கூடுதலாகப் பத்து நிமிட வேலை, சண்டை இல்லை.

வாட்ஸ்அப்பில் இன்னொரு சங்கதி. ஏபிஐ (மென்பொருள் தானாக அனுப்பும் வழி) மூலமாக நாமாக முதலில் அனுப்பும் மெசேஜுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிய டெம்ப்ளேட் (மாதிரி வாசகம்) வேண்டும். பாக்கி நினைவூட்டல் ஒரு வகை, விளம்பரம் இன்னொரு வகை. விளம்பரத்துக்குக் கட்டணம் அதிகம். நினைவூட்டலின் அடியில் ஒரு தீபாவளிச் சலுகை வரியைச் சேர்த்தால் முழுதும் விளம்பரமாகிவிடும். 2025 ஜூலை முதல் உரையாடலுக்கு இவ்வளவு என்பது போய், மெசேஜுக்கு இவ்வளவு என்று ஆனது. அதனால் மாதம் ஒருமுறை எந்த டெம்ப்ளேட் எந்த வகையில் நிற்கிறது என்று பார்ப்பது இப்போது என் வேலைகளில் ஒன்று.

இ-வே பில்லில் பெரிய தொல்லை இல்லை. தமிழ்நாட்டுக்குள் சரக்கு மதிப்பு 1 லட்சத்துக்கு மேல் என்றால் எடுக்க வேண்டும், சாம்ராஜ்நகர், பாலக்காடு என்று வெளியே போனால் 50,000-க்கு மேல். இந்த எல்லைகளும் அதே விகித ஷீட்டில்தான் இருக்கின்றன. லாரி வழியில் மாறினால் வண்டி நம்பரை மாற்றுவதை மட்டும் தானாக்கவில்லை. டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் சொல்லும் நம்பரை நம்பி மெஷின் முடிவெடுக்க முடியாது. இ-இன்வாய்ஸ் 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்தபோது எங்களுக்கும் வந்தது. அதில் கவனிக்க வேண்டியது இரண்டு. பில் எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. தப்பாகப் போட்டதை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம், அதற்கப்புறம் கிரெடிட் நோட்டுதான். சனிக்கிழமை சாயங்காலம் போட்ட பில்லில் தப்பு இருந்தால் திங்கட்கிழமை தெரிந்து பிரயோஜனமில்லை. அதனால் சனிக்கிழமை மட்டும் கடை சாத்துவதற்கு முன் அன்றைய இ-இன்வாய்ஸ் பட்டியலை ஒருவர் கண்ணால் பார்க்கிறார்.

ஓடிபி-யைச் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் போர்ட்டலில் நுழைய எல்லோருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். ஓடிபி முதலாளியின் போனுக்கு வரும். முதலாளி கல்யாண வீட்டில் இருப்பார். லாரி வாசலில் நிற்கும். துணைப் பயனர் லாகின் எடுத்து, அலுவலகத்திலேயே இருக்கும் ஒருவரின் நம்பரைக் கொடுத்த பிறகுதான் நிம்மதி. எந்த லாகின் யார் நம்பரில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறோம். ஆள் வேலையை விட்டுப் போனால் சாவியை வாங்குவதற்கு முன் அந்தத் தாளை எடுப்போம்.

ஷீட் வளர்வதும் ஒரு பராமரிப்புதான். கூகுள் ஷீட்டுக்குள் ஸ்கிரிப்டை ஓட்டும் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம்தான் தரும். நாலு வருடப் பில்களை ஒரே ஷீட்டில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தால் போதாது. வருடம் முடிந்ததும் பழைய பில்களைத் தனிக் கோப்புக்கு நகர்த்துகிறோம். ஏப்ரல் 1-க்குப் புது பில் வரிசை தொடங்கும் அதே நாளில் இதுவும்.

சரக்கு எச்சரிக்கைக்கு நான் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன். முதலில் கடந்த மூன்று மாத விற்பனையின் சராசரியை வைத்துக் குறைந்தபட்ச இருப்பைக் கணக்கிட்டது. வெயில் காலத்தில் போர் ஆழப்படுத்துபவர்களால் மோட்டாரும், அதைப் போருக்குள் தாங்கும் காலம் (column) பைப்பும் பறக்கும். அந்தச் சராசரியை வைத்து ஜூலையில் வாங்கச் சொன்னால், ஆகஸ்ட் நடுவில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு எல்லாம் குடோனில் தூங்கும். போன வருடம் இதே மாதம் என்ன விற்றது என்று பார்க்கும்படி மாற்றினோம். பரவாயில்லை. ஆனால் மழை தப்பிய வருடத்துக்கு எந்தக் கணக்கும் ஒத்துவராது. அதை மேட்டூருக்கும் பவானிசாகருக்கும் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று பேப்பரில் பார்த்து முதலாளியே சொல்லிவிடுகிறார். எச்சரிக்கை எல்போ, டீ, கப்ளர் மாதிரி சில்லறைச் சாமானுக்குத்தான் நன்றாக வேலை செய்கிறது.

இன்னும் முடியாத ஒன்று, கடன் வரம்பு. வரம்பைத் தாண்டிய பார்ட்டிக்குப் பில் போட விடாமல் நிறுத்தலாம் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. "லோடு வண்டியோட வந்து நிக்கறவர்கிட்ட, கம்ப்யூட்டர் விடமாட்டேங்குதுன்னு நான் எப்படிங்க சொல்றது?" என்கிறார். இப்போதைக்குப் பெயர் சிவப்பாக மாறும், பில்லும் விழும். சிவப்பில் போன பில்களின் பட்டியல் சனிக்கிழமை அவர் மேசைக்குப் போகிறது. அவர் அதைப் படிக்கிறார், சிலருக்கு அவரே போன் போடுகிறார்.